கோழி இல்லாத சிக்கன் 65

1

இந்த ஜூலையில் ஊருக்குப் புறப்பட்டபோது என் பெட்டியில் பாதி இடத்தை ஓர் ஏர் பிரையர் பிடித்துக்கொண்டது. மீதிப் பாதியில்தான் எல்லோருக்குமான சாக்லேட், அண்ணியின் முழங்காலுக்குக் களிம்பு, என் சேலைகள். சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

"உள்ள விசிறி மாதிரி தெரியுதே, என்னம்மா இது?"

"சமையல் சாமான் சார். காத்துல பொரிக்கிறது."

"காத்துல எப்படிம்மா பொரியும்?"

"மொறுமொறுன்னுதான் சார் வருது. எப்படின்னு எனக்கும் புரியல."

அவர் சிரித்து அனுப்பிவிட்டார். எனக்கு உண்மையிலேயே புரிந்ததில்லை. பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகரில், ஐந்தாவது மாடியில் இருக்கும் எங்கள் வீட்டிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. அதை இயக்குவது என் மகன் மத்தியாஸ்தான். அவனுக்கு வயது இருபது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இறைச்சி, மீன், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டான். அதிலிருந்து எங்கள் ஞாயிற்றுக்கிழமை மேசையில் இரண்டு சமையல். எனக்கும் என் கணவர் விக்தோருக்கும் ஆட்டுக்கறிக் குழம்பு. அவனுக்கு டோஃபு. சோயாப்பாலைத் திரியவைத்து அழுத்திச் செய்யும் வெள்ளைக் கட்டி அது. பார்த்தால் பன்னீர், தின்றால் ஒன்றுமில்லை என்பது விக்தோரின் தீர்ப்பு.

கல்யாணமாகிப் புதுச்சேரியிலிருந்து நான் இங்கே வந்து இந்தச் செப்டம்பரோடு இருபத்தைந்து ஆண்டு. ஒரு பள்ளிக்கூடத்துச் சமையற்கூடத்தில் வேலை. பிள்ளைகளுக்குப் பரிமாறுவது, தட்டு கழுவுவது, தரை துடைப்பது. வாரத்தில் ஒரு நாள் அங்கே இறைச்சியில்லாத சாப்பாடு. அன்றைக்கு டோஃபு வரும். பிள்ளைகள் அதைக் கடற்பஞ்சு என்று சொல்லித் தட்டோரத்தில் ஒதுக்குவார்கள். நான் அதை வழித்துக் குப்பையில் கொட்டுவேன். ஆக, எத்தனையோ கிலோ டோஃபுவை என் கையால் தூக்கி எறிந்திருக்கிறேன். ஒரு துண்டைக்கூட வாயில் வைத்துப் பார்த்ததில்லை.

ஏர் பிரையர் வாங்கியது என் அண்ணன் அந்தோணிக்காக. அவன் லாஸ்பேட்டையில் கல்லூரிப் பக்கம் சாயங்காலத் தள்ளுவண்டிக் கடை வைத்திருந்தவன். சிக்கன் 65, சிக்கன் பக்கோடா. மாணவர்கள் அவனை "சிக்ஸ்டி ஃபைவ் அண்ணன்" என்பார்கள். இந்த வருடத் தொடக்கத்தில் வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தபோதே நெஞ்சு வலித்துச் சாய்ந்துவிட்டான். பக்கத்தில் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி. டீக்கடைக்காரர் ஓடிவந்து இழுத்திருக்காவிட்டால் கை சட்டிக்குள் போயிருக்கும். மருத்துவமனையில் இரத்தக் குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். எண்ணெயில் பொரித்ததும் கொழுப்பும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

"சாப்பாடு கூட பிரச்சினை இல்ல ஜோசி," என்று லூர்து அண்ணி போனில் அழுதாள். "மனுஷன் பேச மாட்டேங்குறாரு. காலையில எழுந்து வண்டிகிட்ட போயி உக்காந்துக்குறாரு. அவ்ளோதான்."

2

மூலக்குளத்தில் அண்ணன் வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்திய வண்டியைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். நானும் மத்தியாசும் போய் இறங்கியபோது அண்ணன் வாசலில் இல்லை. அடுப்படியில் இருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல்முறையாக அடுப்பு பற்ற வைத்திருக்கிறான் என்று அண்ணி கிசுகிசுத்தாள். சத்தம் போட்டும் கேட்கவில்லையாம். பிரான்சிலிருந்து மருமகன் வருகிறான், அவனுக்கு என் கையால் சிக்கன் 65 போட்டுத்தான் தீருவேன் என்று நின்றிருக்கிறான்.

மத்தியாஸ் இறைச்சி சாப்பிடுவதில்லை என்பதை நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. வந்த பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். சொல்வதற்குள் தட்டு வந்துவிட்டது. சிவக்கச் சிவக்கப் பொரித்து, மேலே கறிவேப்பிலையும் கீறிய பச்சை மிளகாயும் தூவிய தட்டு. வாசனை தெருமுனை வரை போயிருக்கும்.

"சாப்புடுடா மருமவனே."

மத்தியாஸ் என்னைப் பார்த்தான். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், கவனமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்:

"மாமா. நான் சாப்பிட மாட்டேன். கோழி பாவம்."

கோழியைப் பார்த்தால் தனக்கு இரக்கமாக இருக்கிறது என்று அவன் சொல்கிறான். வீட்டில் நான் பல்லியை விரட்டும்போதும், மழையில் நனைந்த பூனையைப் பார்க்கும்போதும் "பாவம்டா அது" என்று சொல்வதைக் கேட்டு வளர்ந்தவன். அண்ணனோ ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன். அவன் காதில் விழுந்த பாவம் வேறு பாவம்.

"பாவமா?" அண்ணன் தட்டைக் கீழே வைத்தான். "இத்தினி வருஷமா நான் பாவமா பண்ணிக்கினு இருந்தேன்?"

"அய்யோ அண்ணே, அவன் சொன்னது அது இல்ல. இரக்கம்னு சொல்றான். அதுங்க மேல இரக்கம்."

"அப்ப எனக்கு இரக்கம் இல்லன்றான்."

அண்ணி பேச்சை மாற்றப் பார்த்தாள். "ஏதாவது நேர்த்திக்கடனா ஜோசி? கறி விடுற தவக்காலம் கூட முடிஞ்சிடுச்சே."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் எழுந்து வெளியே போய்த் தார்ப்பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். மத்தியாஸ் பிரெஞ்சில் என்னிடம், "நான் என்ன தப்பாகச் சொன்னேன்?" என்று கேட்டான். எப்படி விளக்குவது? இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற மொழி நம்முடையது என்றேன். "ஏன்?" என்றான். எனக்குத் தெரியவில்லை. இருபது வருடம் அவனை வளர்த்து, அந்த ஒரு சொல்லை அவனுக்கு அரைகுறையாகத்தான் கொடுத்திருக்கிறேன்.

3

சொல் தடுக்கி விழுவது எனக்கும் புதிதல்ல. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் தலைமைச் சமையல்காரர் இன்னொரு தட்டு சாப்பிடச் சொன்னார். வயிறு நிறைந்துவிட்டது என்று பிரெஞ்சில் சொன்னேன். சமையற்கூடமே சிரித்தது. நான் சொன்ன சொல்லுக்கு, பசு சினையாக இருக்கிறது என்று அர்த்தமாம். அன்றிலிருந்து அங்கே போதும் என்பதைக் கையசைத்துத்தான் சொல்கிறேன்.

அந்தக் கூச்சம் பழகிப்போனது. வெளியூரில் நாக்கு தடுக்கினால் அது வெளியூர் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். சொந்த அண்ணன் வீட்டு மேசையில், என் பிள்ளையின் தமிழ் தடுக்கி, அண்ணனின் நெஞ்சில் போய்க் குத்தியதை எந்தக் கணக்கில் வைப்பது?

இரண்டு நாள் அண்ணன் மத்தியாசோடு பேசவில்லை. மத்தியாஸ் அண்ணி வைத்த சாம்பாரும் பொரியலும் சாப்பிட்டான். மத்தியானங்களில் கடற்கரைக்குத் தனியாகப் போய் வந்தான். பாரிசிலும் அவன் அப்படித்தான். கணக்கியல் படிப்பில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. தேர்வுகளில் பாதி எழுதினான், பாதிக்குப் போகவில்லை. கேட்டால் தோளைக் குலுக்குவான். இந்தப் பயணத்துக்கும் வரமாட்டேன் என்றுதான் சொன்னான். விக்தோருக்கு விடுப்பு கிடைக்கவில்லை, அம்மா தனியாகப் பெட்டி தூக்க வேண்டுமே என்று வந்தான்.

அவனுடைய ஓசிஐ அட்டையை எடுத்துப் பார்த்த அண்ணி கேட்டாள்: "இன்னா ஜோசி இது, ஓசியில குடுத்தாங்களா?"

ஓசியில் கொடுக்கவில்லை. அதற்காக நான்கு முறை தூதரக வரிசையில் நின்றிருக்கிறேன். ஒரு முறை புகைப்படத்தில் காது தெரியவில்லை என்றார்கள். ஒரு முறை காது தெரிந்தது, பின்னணி வெள்ளை போதவில்லை என்றார்கள். இந்தியாவில் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் தங்கலாம் என்று அந்த அட்டை சொல்கிறது. அவன் தங்குவான் என்று அன்று யார் நினைத்தது!

4

மூன்றாம் நாள் ஏர் பிரையரைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தேன். அண்ணன் உள்ளே வந்து ஒரு கண் பார்த்துவிட்டு, "சோறு வடிக்கிறதா?" என்று கேட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான். அவனுக்காக வாங்கியதை அவனிடம் கொடுக்கத் தைரியம் வரவில்லை. சரி, பையனுக்காவது எதையாவது செய்வோம் என்று டோஃபு தேடிப் புறப்பட்டோம்.

தெருமுனைக் கடையில் மத்தியாசே கேட்டான். "டோஃபு இருக்கா?"

கடைக்காரர் போனைக் கையில் எடுத்தார். "டாப்-அப்பா? எந்த நம்பருக்கு?"

அடுத்த கடையில் பன்னீரை எடுத்துக் கொடுத்தார்கள். டவுனுக்குப் பஸ் ஏறிப் போய், ஒரு பெரிய கடையின் குளிர்பெட்டியில் ஒரு பாக்கெட்டைக் கண்டுபிடித்தோம். வீட்டுக்கு வந்து அவன் வழக்கம்போல் தண்ணீரை வடித்து, துணியில் சுற்றி, மேலே தோசைக்கல்லை ஏற்றிவைத்தான். பாரிசில் சோயா சாஸும் எள்ளும் போடுவான். இங்கே அதெல்லாம் இல்லை. "அம்மா, மாமாவுடைய மசாலா கொஞ்சம் போடலாமா?" என்றான். அலமாரியில் அண்ணன் அரைத்துவைத்த பொடி ஒரு டப்பா நிறைய இருந்தது. போட்டோம்.

பவர் பிளக்கில் சொருகினோம். அண்ணி அந்தப் பக்கம் மிக்ஸியைப் போட, வீடே இருண்டது. மறுபடி கரண்ட் வந்ததும் இயந்திரம் இரைய ஆரம்பித்தது. ஐந்து நிமிடத்தில் மசாலா வாசனை கிளம்பியது. வாசலில் அண்ணன் குரல்:

"எவன் என் மசாலாவுல கைய வச்சது?"

வந்து நின்றான். இயந்திரத்தைச் சுற்றிப் பார்த்தான். கண்ணாடி இல்லை, உள்ளே தெரியவில்லை. காதைக் கிட்டே கொண்டுபோனான். "சட்டின்னா சத்தம் மாறும். சலசலன்னு இருந்தது சுருங்கி வந்தா எடுத்துடலாம். இது ஒரே ஊதலா ஊதுது. வெந்துச்சா, கருகிச்சா, இன்னான்னு தெரியறது?"

மத்தியாஸ் கூடையை இழுத்துக் காட்டினான். அண்ணன் ஒரு துண்டை எடுத்து அழுத்தினான், முகர்ந்தான், கடித்தான்.

"பஞ்சு," என்றான். "மசாலா வெளியவே நிக்குது. உள்ள ஒண்ணும் போவல. இதையா தின்னுக்கினு இருக்க?"

மத்தியாஸ் தலையாட்டினான்.

"பாவம்டா நீ," என்றான் அண்ணன்.

அதை அவன் எந்த அர்த்தத்தில் சொன்னான் என்பது மத்தியாசுக்குப் புரிந்தது. சிரித்துவிட்டான். அண்ணன் சிரிக்கவில்லை. ஆனால் வெளியே போகவும் இல்லை. "இன்னொரு தபா போடு, பாப்போம்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

5

அடுத்த ஒரு வாரம் அந்த அடுப்படியில் நடந்ததை முழுதாக எழுத இடம் போதாது. அண்ணனுக்கு டோஃபு பிடிக்கவில்லை. ஆனால் ஒரு பண்டம் தன் பேச்சைக் கேட்காமல் இருப்பதை அவனால் பொறுக்க முடியவில்லை. கோழிக்குச் செய்வதுபோல் தயிரும் இஞ்சி பூண்டு விழுதும் போட்டு ஊறவைத்தான். ஈரம் காயாமல் மாவு களியாகிக் கம்பிக் கூடையில் ஒட்டிக்கொண்டது. சரி, ஈரமே வேண்டாம் என்று வெறும் பொடியில் புரட்டினான். காற்று பொடியை ஊதி எடுத்துவிட்டது, நாங்கள் மூவரும் தும்மினோம். கறிவேப்பிலையைச் சேர்த்துப் போட்டுப் பார்த்தான். இலைகள் காற்றில் பறந்து மேலே இருக்கும் சூட்டுக் கம்பியில் ஒட்டிப் புகைந்தன. அண்ணி ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"வீட்டக் கொளுத்துற சாமானா வாங்கியாந்த?" என்று என்னைக் கேட்டாள்.

அந்தப் புகையில் இருமிவிட்டு அண்ணன் நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்தான். மத்தியாசின் முகம் வெளுத்துவிட்டது. பக்கத்தில் குனிந்து, பதற்றமாக, "மாமா, வாளியா? ரொம்ப வாளியா?" என்றான்.

அண்ணன் குழம்பிப்போய், "வாளியா? பாத்ரூம்ல கீதுடா, எதுக்கு?" என்றான்.

"இல்ல மாமா, இங்க, இங்க வாளியா?" என்று அவன் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

அண்ணனுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. பிறகு சிரித்தான் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும்வரை, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு. "வலிடா! வலி! நெஞ்சுல வாளிய வச்சிக்கினு நான் எங்கடா போறது?" அண்ணி கதவோரம் நின்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவளும் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். கிட்டே போனபோது அழுதுகொண்டிருந்தாள்.

"இவரு சிரிச்சி எத்தினி மாசம் ஆச்சி தெரியுமா," என்றாள்.

அந்த வாரக் கடைசியில் டவுன் கடையில் பாக்கெட் தீர்ந்துவிட்டது. வேறு எங்கே கிடைக்கும் என்று மத்தியாஸ் டவுனில் விசாரித்துக்கொண்டே போயிருக்கிறான். யாரோ அவனைப் பிரெஞ்சு பேசுகிற பையன் என்று பார்த்து, நெம் போடுகிற மதாம் சுசானிடம் அனுப்பியிருக்கிறார்கள். அவன் போனில் அழைத்து முகவரியைச் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெல்லித்தோப்பில் நாங்கள் முன்பு இருந்த தெருவுக்கு அடுத்த தெரு!

மதாம் சுசானை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் நம்மூரிலிருந்து வியட்நாமில் இருக்கும் சைகோனுக்கு வேலைக்குப் போய், அங்கே சண்டை முடிகிற சமயத்தில் திரும்பிய குடும்பங்களில் ஒன்று அவர்களுடையது. மெல்லிய அரிசித் தாளில் இறைச்சி சுருட்டிப் பொரிக்கிற நெம்முக்கு எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் அவர்கள் வீட்டுக்குத்தான் சொல்லிவைப்பார்கள். கிறிஸ்துமசுக்கு நான் பாத்திரம் எடுத்துக்கொண்டு வாங்கப் போயிருக்கிறேன். அவர்கள் வீட்டுப் பின்கட்டில் தண்ணீர்த் தொட்டிக்குள் வெள்ளைக் கட்டிகள் மிதக்கும். பன்னீர் என்று நினைத்திருந்தேன். கேட்டதே இல்லை.

இப்போது மகனோடு போய் நின்று கேட்டேன்.

"தௌஹூ," என்றார் மதாம். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். கவுனுக்கு மேல் துண்டைப் போர்த்தியிருந்தார். "நீங்க டோஃபுன்றீங்க, நாங்க தௌஹூன்னுவோம். சைகோன்ல காலையில தெருவுல கூவிக்கினு வருவாங்க. இங்க வந்தப்புறம் அம்மா சோயா வாங்கி வீட்டுலயே போட ஆரம்பிச்சாங்க. நாங்க மட்டும்தான் தின்னுவோம். இத்தினி வருஷத்துல வெளிய இருந்து யாரும் வந்து கேட்டது இல்ல ஜோசஃபின். உம் புள்ளதான் மொதல்ல."

மத்தியாசும் அவரும் பிரெஞ்சும் தமிழும் கலந்து அரை மணி நேரம் பேசினார்கள். எந்தத் தயக்கமும் இல்லாமல் அவன் இப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. நான் அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாரிசில் குப்பையில் கொட்டிக்கொண்டிருந்த பண்டம், நான் பாவாடை கட்டி ஓடிய தெருவுக்குப் பக்கத்துத் தெருவில் எனக்கு முன்பே குடியிருந்திருக்கிறது. இன்னும் எதையெல்லாம் பார்த்துவிட்டுக் கேட்காமல் வந்தேனோ!

மதாமின் கட்டி கடைப் பாக்கெட்டைவிடக் கெட்டி. அதை வீட்டுக்குள் கொண்டுவரும்போது மத்தியாஸ் கைதவறித் தரையில் போட்டான். நல்லவேளை, இலையில் சுற்றியிருந்தது. கட்டி கோணல்மாணலாக உடைந்துபோனது. "இனிமே துண்டு போட வேணாம், அப்படியே போடு," என்றான் அண்ணன். உப்புப் போட்ட வெந்நீரில் கொஞ்ச நேரம் கிடக்கவிட்டு, ஈரம் ஒற்றி, மசாலாவில் பிரட்டி, அரிசி மாவும் சோள மாவும் தூவி, ஒரு கரண்டி எண்ணெயைக் கையாலேயே தடவி உள்ளே தள்ளினார்கள். பாதியில் ஒருமுறை கூடையைக் குலுக்கினார்கள். கறிவேப்பிலையைத் தனியே வாணலியில் வறுத்து அப்புறம் தூவினாள் அண்ணி.

உடைந்த விளிம்புகள்தான் முறுகியிருந்தன. முன்பு வழவழவென்று கத்தியால் வெட்டிய துண்டில் நிற்காத மாவு, இந்தப் பிய்ந்த பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. நான் முதல்முறையாக டோஃபுவை வாயில் வைத்தேன். பல்லில் நறுக்கென்றது. உள்ளே மெத்தென்று, உப்பும் உறைப்பும் சரியாக. அண்ணன் கண்ணை மூடி மென்றான்.

"கோழி இல்ல," என்றான். "ஆனா மோசம் இல்ல." இன்னொன்றை எடுத்துக்கொண்டான்.

6

மறுநாள் காலை அண்ணன் தார்ப்பாயைப் பிரித்தான். அண்ணி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"அந்த வண்டியத் தொட்டீங்க, நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

"சட்டி இல்ல லூர்து. கொதிக்கிற எண்ணெய் இல்ல. நெருப்பே இல்ல."

"சொல்லுவீங்க. அன்னிக்கி கூடத்தான் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டுப் போனீங்க. டீக்கடைக்காரரு போன் பண்றாரு, 'அக்கா, சட்டியில விழ இருந்தாரு'ன்றாரு. அந்தக் குரல் இன்னும் என் காதுல கேக்குது. உங்களுக்குத் தெரியுமா அது?"

அவள் இதுவரை அதை அவனிடம் சொன்னதில்லை போலிருக்கிறது. அண்ணன் தார்ப்பாயை மறுபடி மூடப் போனான். அப்போது மத்தியாஸ் சொன்னான்: "அத்தை, நீங்களும் வாங்க. பக்கத்துல உக்காருங்க. மாமாவப் பாருங்க."

அண்ணி அண்ணனின் கையிலிருந்த தார்ப்பாயை வாங்கிக்கொண்டு, "ஒரு நாளு. ஒரே ஒரு நாளு," என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாஸ்பேட்டையில் பழைய இடத்தில் வண்டி நின்றது. டீக்கடைக்காரர் தன் கடையிலிருந்து வயரை இழுத்துக் கரண்ட் கொடுத்தார். அண்ணி பிளாஸ்டிக் நாற்காலியில், கணவன் முகத்தைவிட்டுக் கண்ணெடுக்காமல். நான் தட்டு கழுவினேன், என் தொழில் அதுதானே.

ஸ்கூட்டரில் வந்த மாணவர்கள் நிறுத்தினார்கள். "அண்ணே! எங்க போயிட்டீங்க? சிக்ஸ்டி ஃபைவ் இருக்கா?"

"கீது. கோழி இல்லாத சிக்ஸ்டி ஃபைவ்."

"பன்னீரா?"

"இல்ல."

"காலிஃபிளவரா?"

"தின்னுட்டு நீயே சொல்லு."

ஏர் பிரையரில் ஒரு தடவைக்கு இரண்டு தட்டுதான் வரும். கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். சிலர் பொறுமையிழந்து போய்விட்டார்கள். பழைய வாடிக்கையாளர் ஒருவர் ஒரு துண்டை மென்றுவிட்டு, "எதுக்கு அந்தோணி இந்த வேலை? கோழி போட முடியலன்னா கடைய மூடிடு," என்று சொல்லிவிட்டு நடந்தார். அண்ணனின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அண்ணியும் பார்த்தாள். நாற்காலியிலிருந்து எழுந்து, அந்த மனிதர் மீதிவைத்த தட்டை எடுத்து, அவர் போன திசையைப் பார்த்துக்கொண்டே, மிச்சமிருந்ததை எல்லாம் தானே தின்று முடித்தாள்.

"நல்லாத்தான் கீது," என்றாள் உரக்க.

காத்திருந்த மாணவர்களுக்கு அந்தக் கால் மணி நேரத்தில் மத்தியாஸ் தன் தமிழில் டோஃபு எப்படிச் செய்கிறார்கள் என்று விளக்கினான். ஒரு பெண் அவன் தமிழைக் கேட்டு, "நீங்க எந்த ஊரு?" என்றாள். நான் காதைத் தீட்டிக்கொண்டேன். பாரிசில் அந்தக் கேள்வி வந்தால் அவன் முகம் இறுகிவிடும். இங்கே, "மாமா ஊரு," என்று அண்ணனைக் காட்டிவிட்டுக் கூடையைக் குலுக்கினான்.

கொண்டுபோனதில் பாதி மிஞ்சியது. வீடு திரும்பும்போது அண்ணன் சோர்ந்துபோயிருப்பான் என்று நினைத்தேன். அவனோ வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். இரண்டு இயந்திரம் இருந்தால் காத்திருப்பு குறையும். கூடவே சுண்டல் போடலாம். மதாமிடம் வாரத்துக்கு இவ்வளவு என்று சொல்லிவைக்கலாம். ஒரு நாள்தான் என்று சொன்னதை அண்ணி நினைவுபடுத்தவில்லை.

7

திரும்புவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, காலைச் சாப்பாட்டு மேசையில் மத்தியாஸ் பிரெஞ்சில் என்னிடம் சொன்னான்: "நான் வரவில்லை."

நான் பிரெஞ்சிலேயே பதில் சொன்னேன். படிப்பு என்னாவது, அப்பாவுக்கு என்ன சொல்வது, இது விடுமுறை, வாழ்க்கை இல்லை. என் பிரெஞ்சு கோபத்தில் எப்போதும் குளறும். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எல்லோருக்கும் புரியட்டும் என்று தமிழுக்கு மாறினான்.

"மாமாவுக்குக் கை பத்தல அம்மா. நான் இருக்கேன். ஒரு வருஷம்."

முதலில் மறுத்தது அண்ணன்தான். "போடா. படிப்ப முடி. இங்க வந்து வண்டி தள்ளவா உங்கம்மா உன்ன அங்க வளத்தா?"

"அங்க நான் படிக்கல மாமா," என்றான் அவன். "சும்மா உக்காந்து இருந்தேன்."

அதைத் தமிழில் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. பிரெஞ்சில் அவன் எத்தனையோ முறை சொல்லியிருக்கலாம், தோளைக் குலுக்கிக் குலுக்கி. நான் அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொண்டேன்.

அண்ணி இட்லியை அவன் தட்டில் வைத்தாள். "இருக்கட்டும் ஜோசி. எங்க பொண்ணு பெங்களூரு போனப்புறம் இந்த ரூம்பு சும்மாத்தான கிடக்குது. நான் பாத்துக்குறேன்."

விக்தோரிடம் போனில் சொன்னேன். "சாப்பாட்டுக்கு அங்க கஷ்டப்படலையே?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சரி," என்றார். அவ்வளவுதான். அன்று முழுக்க எனக்கு விக்தோர் மேல் கோபமாக இருந்தது. சத்தம் போடுவார், வரச்சொல்லிக் கட்டாயப்படுத்துவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அப்படிச் செய்திருந்தால் நான் மகன் பக்கம் நின்றிருக்கலாம். இப்போது அனுமதி கொடுக்க வேண்டியவள் நான் ஒருத்திதான்.

கொடுத்தேன். எப்போது கொடுத்தேன் என்று தெரியவில்லை. சொல்லிக்கூடக் கொடுக்கவில்லை. அவனுக்கு இரண்டு கைலி வாங்க நேரு வீதிக்குப் போனேன், அதில் எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

சென்னைக்குக் கார் ஏறும்போது அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "நான் சொல்லிக் குடுத்து அவன் இருக்கல ஜோசி. எனக்கு ஒண்ணுன்னா ஓடியாற ஆளு வேணும்னு நான் நெனைக்கல. அவனாத்தான்."

"தெரியும்ண்ணே."

"ஒரு வருஷத்துல அனுப்பிடுவேன்."

"அவன் வந்தா அனுப்பு," என்றேன்.

இப்போது செப்டம்பர். பள்ளி திறந்துவிட்டது. டோஃபு வரும் நாள்களில் நான் பரிமாறும்போது பிள்ளைகளைக் கொஞ்சம் வற்புறுத்துகிறேன், சிலர் தின்கிறார்கள். தலைமைச் சமையல்காரரிடம், டோஃபுவைக் கத்தியால் வெட்டாமல் பிய்த்துப் போட்டுப் பாருங்கள் என்று சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

போன வாரம் மத்தியாசின் கல்லூரி அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் போன் செய்தார். உங்கள் மகன் இந்த ஆண்டுக்குப் பதிவு செய்யவில்லை, காரணம் என்ன என்று கேட்டார். எழுதிக்கொள்ள வேண்டுமாம். வேலைக்கு இடையில், ஈரக்கையோடு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, எந்தச் சொல்லைச் சொல்வது என்று தேடினேன். படிப்பை விட்டுவிட்டான் என்றால் பொய். ஊருக்குப் போயிருக்கிறான் என்றால் அது என் ஊர், அவன் பிறந்தது இங்கே.

"வெளிநாடு போயிருக்கிறான்," என்றேன்.

அவர் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. "எந்த நாடு?"

"இந்தியா. பாண்டிச்சேரி."

"ஓ, தொலைவுதான். குடும்பத்தோடு போயிருக்கிறாரா?"

"இல்லை மதாம்," என்றேன். "குடும்பம் அங்கேதான் இருக்கிறது."

சொல்லிவிட்டுத்தான் கவனித்தேன். நான் இங்கே நிற்கிறேன், விக்தோர் இங்கே இருக்கிறார். இருந்தும் அதைத் திருத்திச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.